செயலி இருக்கட்டும், பதில் சொல்வது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் தேர்தல் அறிக்கை வரைவும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. கண்புரை அறுவைக்குப் பிறகு நான் முழுசாக உட்கார்ந்து படித்தது அதைத்தான். கண் தெளிந்துவிட்டதால் குறைகளும் பளிச்சென்று தெரிகின்றன. கோபித்துக்கொள்ளாதே.

மின்னாளுமைப் பகுதி முழுக்கச் செயலி, இணையதளம், ஒற்றை அடையாள அட்டை என்றே போகிறது. இதற்கு ஓட்டு விழாது என்று நான் சொல்ல மாட்டேன். 2019-இல் உக்ரைனில் ஜெலன்ஸ்கி 'கைப்பேசிக்குள் அரசு' என்று சொல்லித்தான் ஆட்சியைத் தொடங்கினார். அடுத்த பிப்ரவரியிலேயே தியா செயலி வந்துவிட்டது. ஆரம்பத்தில் அதில் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று என்று கொஞ்சம்தான் இருந்தது. சின்னதாகத் தொடங்கியது கெட்டிக்காரத்தனம். நீங்களோ முதல் நூறு நாளிலேயே எல்லாத் துறையும் என்று எழுதியிருக்கிறீர்கள்!

சரி, அதைக்கூட விடு. கணினி தப்பாக முடிவெடுத்தால் என்ன செய்வது என்று ஒரு வரியாவது உண்டா? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' விவகாரத்தை உங்கள் குழுவிடம் சொல். அங்கே உதவித்தொகை வாங்குகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். வரித்துறையிடம் இருப்பதோ வருடக் கணக்கு. அந்த வருட வருமானத்தைக் கணினி 26-ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டது. ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, மீதி ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கியவரை நினைத்துப் பார். சம்பளமே வராத நாட்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கணக்கு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம். கடன் இல்லை என்று நிரூபிக்கும் வேலையும் அவர் தலையில்தான். பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுக்கு அவர் எங்கே போவார்? நாலு லட்சம் பேருக்கு மேல் இதில் சிக்கினார்கள்.

2019 கடைசியில் அந்த முறையைக் கைவிட்டார்கள். 2022 தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சி, விசாரணை ஆணையம் அமைப்போம் என்று வாக்குக் கொடுத்தது, ஜெயித்ததும் அமைத்தது. நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று 2023-இல் அறிக்கை வந்தது. அதாவது, நீங்கள் ஓட்டுக் கேட்கப்போகிற விஷயமே அடுத்த தேர்தலில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

ஆகவே வரைவில் இதைச் சேர்க்கப் பார்: உதவியை நிறுத்துவது, அபராதம் போடுவது போன்ற முடிவுகளில் ஓர் அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். கைப்பேசி இல்லாதவருக்கு அலுவலக ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். அப்புறம், எஸ்டோனியாவில் ஒரு வசதி உண்டு. எந்த அலுவலகம் எப்போது தன் விவரங்களைப் பார்த்தது என்று குடிமகனே உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தலைவருக்கு இது பிடிக்குமா என்பது வேறு கதை.

இணைய வாக்களிப்பை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடு. எஸ்டோனியா 2005-இலிருந்து அதை நடத்துகிறது, அங்கேயே காகித வாக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் எடுத்த எடுப்பில் அதில் கை வைத்தால், தோற்றவனெல்லாம் கணினியைத்தான் குறை சொல்வான்.

அச்சுக்குப் போவதற்குள் திருத்திய வரைவை அனுப்பு. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்