தம்பிக்கு, துவக்கு வாங்குவது பற்றி

அன்புள்ள தம்பி,

நேற்று வீடியோ கோலில், துவக்கு வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னதைக் கேட்டதும் நான் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, வாய் வரவில்லை. இரவு நித்திரையும் இல்லை. விடிய எழும்பி இதைக் கொப்பியில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படம் எடுத்து வற்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுவேன். போனில் கதைத்தால் நீ இடையில் மறித்து நியாயம் சொல்லுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

உன் பயம் எனக்கு விளங்குகிறது. நீ இரவு வேலைக்குப் போன நேரம் யாரோ வந்து கதவைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறான், மருமகள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். கேட்கும்போதே எனக்கு நெஞ்சு அடைத்தது. கிறீன் கார்ட் வந்துவிட்டது, இனிச் சட்டப்படி வாங்கலாம், டெக்சாஸில் 2021 செப்டெம்பரில் இருந்து 21 வயது கடந்தவர் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நீ சொன்னதெல்லாம் சரி. நீ அனுப்பியதையும் வாசித்தேன். ஆயுதம் வைத்திருக்கிற உரிமை என்று 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்த்த இரண்டாம் திருத்தம், 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தனி ஆளுக்கும் உரியது, வீட்டில் தற்காப்புக்கு வைத்திருக்கலாம் என்று சொன்னது, 2022இல் வெளியில் கொண்டுபோகவும் உரிமை என்று தீர்த்தது. அரசன் ஒருத்தனோடு சண்டை பிடித்துப் பிறந்த நாடு, அவர்கள் அப்படி எழுதி வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு சனத்தின் கையில் ஒன்றும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் உனக்கு அந்த உரிமை இருக்கிறதா இல்லையா என்பது என் கேள்வியே இல்லை. அந்தச் சாமான் உன் வீட்டுக்குள் வந்தபிறகு அந்த வீடு எப்படி இருக்கும் என்பதுதான். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன். உன் அம்மாவுக்கும் தெரியாது.

1981 தை மாதம். எனக்கு 20 வயது. முத்தையன்கட்டு வாய்க்காலுக்குக் கீழே எங்கள் வயல், காலபோகம், கதிர் முற்றுகிற நேரம். பன்றி இறங்கினால் ஒரே இரவில் வயலை உழுதுபோட்டுப் போய்விடும் என்று உனக்குத் தெரியும். உன் அப்பப்பாவிடம் லைசென்ஸ் துவக்கு ஒன்று இருந்தது, 12 போர், ஒற்றைக் குழல். 1916ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் அதே சட்டம்தான், திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்பு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்கு, போய் வருவார், கோயிலுக்குப் போவதுபோல. அந்த முறை அவருக்குக் காய்ச்சல், நான் காவலுக்குப் போனேன். கொட்டிலில் தனிய, லாம்பு அணைந்துவிட்டது, நிலவும் முகிலுக்குள். சாமம் இருக்கும், வரம்புப் பக்கம் சரசரவென்று கேட்டது. பார்த்தால் கறுப்பாக, நிலத்தோடு குனிந்தபடி, அசைந்து அசைந்து ஒன்று வருகிறது. பன்றி மாதிரி இல்லை தம்பி, பன்றியேதான். என் கண்ணுக்கு அதன் முதுகு மயிர் தெரிந்தது, இன்றைக்குச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். துவக்கைத் தோளில் வைத்துக் குறி பார்த்து விசையில் விரலையும் வைத்துவிட்டேன். அப்போது அந்தப் பன்றி இருமியது.

உன் சித்தப்பா. எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தவன், வழியில் போத்தல் கைதவறி வரம்பில் விழுந்துவிட்டது, இருட்டுக்குள் குனிந்து தடவித் தடவித் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்குச் சின்ன வயதில் இருந்தே தொய்வு, அந்த இருமல் எங்களுக்கெல்லாம் தெரிந்த இருமல். நான் துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன், நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பயம். அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறேன். அவன் வந்து கொட்டிலில் ஏறி இருந்து, ஏன் அண்ணை பேயறைந்த மாதிரி இருக்கிறாய் என்று கேட்டான். பன்றிச் சத்தம் கேட்டது என்று சொன்னேன். 40 வருடத்துக்கு மேலாகிவிட்டது, பின்னேரம் பின்னேரம் வந்து என்னோடு இருந்து தேத்தண்ணி குடிக்கிறான், இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சில வருடத்தில் ஒரு இரவு இயக்கத்துப் பெடியள் வந்து அந்தத் துவக்கைக் கேட்டார்கள், அப்பு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கன நேரம் முற்றத்தில் நின்றார். அவருக்குக் கவலை. எனக்கு ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது.

நீ நல்லவன், கவனமானவன், பயிற்சி எடுத்துத்தான் வாங்குவேன் என்கிறாய். நானும் கவனமானவன்தான். இருட்டும் பயமும் சேர்ந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். 1992இல் உங்களுக்குப் பக்கத்து மாநிலம் லூசியானாவில், பட்டன் ரூஜ் நகரத்தில், ஜப்பானில் இருந்து படிக்கப் போன 16 வயதுப் பிள்ளை ஒன்று ஒரு விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறிக் கதவு மணியை அடித்தது. வீட்டுக்காரர் பயந்து சுட்டார். பிள்ளை செத்துப்போனது, வழக்கில் அவரைக் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். சட்டம் விட்டது சரி, அந்த மனிதன் அதற்குப் பிறகு எப்படி நித்திரை கொண்டிருப்பான்? எனக்கு அந்தப் பிள்ளையின் தாயையும் நினைக்க வருகிறது, அந்த வீட்டுக்காரனையும் நினைக்க வருகிறது. ஒரு இருமல் வராமல் விட்டிருந்தால் நான் அவன்.

உன் கதவைத் தட்டினவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை என்றுதானே சொன்னாய். வெறிகாரனாக இருக்கலாம், வீடு மாறி வந்தவனாக இருக்கலாம், கள்ளனாகவும் இருக்கலாம்.

2011 ஆவணி உனக்கு மறந்திருக்காது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான், கிறீஸ் பூதம், என்று நாடு முழுக்கக் கதை. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தறப்பாள் கொட்டிலில் இருந்தோம், கதவு என்று ஒன்றே இல்லை. பெண்களும் பிள்ளைகளும் ஒரு கொட்டிலில், நாங்கள் பொல்லோடு வெளியில். நீ 16 வயதில் என் பக்கத்தில் நின்றாய். மூன்றாம் நாள் இரவு பற்றைக்குள் இருந்து ஒருவன் வந்தான், எல்லோருமாக விழுந்து பிடித்து இரண்டு மூன்று அடியும் விழுந்துவிட்டது. பிறகு ரோச் அடித்துப் பார்த்தால் அடுத்த கிராமத்து மனிதன், கட்டவிழ்த்துப்போன எருமையைத் தேடி வந்தவர். நெற்றி வெடித்து இரத்தம். அம்மா துணி கட்டித் தேத்தண்ணி கொடுத்தாள், நீதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டாய். போன வருடம் அவருடைய மகளின் கல்யாணத்துக்கு எங்களுக்கும் சொன்னார், போய்ச் சாப்பிட்டு வந்தோம். அன்றைக்கு எங்கள் கையில் பொல்லு இருந்தபடியால்தான் அந்தக் கல்யாணம் அவர் இருந்து நடந்தது.

நீ கோலில் இன்னொன்றும் சொன்னாய், அது எனக்குக் குத்தியது. "எங்களிடம் ஒன்றும் இல்லாததால்தானே அப்பா அப்படி எங்களைக் கலைத்தார்கள்" என்றாய். தம்பி, 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் எங்களைச் சுற்றித் துவக்குக்குப் பஞ்சமா இருந்தது? என் கையில் ஒன்று இருந்திருந்தால் வந்த ஷெல் குண்டை நான் சுட்டு விழுத்தியிருப்பேனா? அம்மாவின் கூறைச் சீலையில் மண் நிரப்பி அடுக்கின பங்கர்தான் உன்னைக் காப்பாற்றியது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

இனிச் சொல்லப்போவதைப் பொறுமையாக வாசி. நீ அங்கே போன முதல் வருடம், நாலு மாதம் எங்களோடு கதைக்காமல் இருந்தாய். வேலை கூட என்று சொன்னாய். பிறகு மருமகள்தான் சொன்னாள், நீ சாப்பிடாமல், விளக்குப் போடாமல் இருந்த நாட்களை. நான் உன்னைக் கேட்கவில்லை, தகப்பன் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை. அந்த நாலு மாதத்தில் ஒரு இரவு, மேசை லாச்சிக்குள் அந்தச் சாமான் இருந்திருந்தால்? அமெரிக்காவில் 2021இல் துவக்கால் செத்தவர்கள் 48,000க்கும் மேல், அதில் பாதிக்கும் கூடியவர்கள், 26,000 பேருக்கு மேல், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கள்ளன் வருவான் என்று வாங்கி வைத்தது கடைசியில் யாரைச் சுட்டிருக்கிறது என்று பார்.

சாக நினைக்கிறவன் எப்படியும் சாவான் என்று சொல்லாதே, அது பொய். எங்கள் ஊரிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1995இல் உலகத்திலேயே தற்கொலை கூடின நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று, கனக்க வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துத்தான். கொட்டிலுக்குள் கைக்கு எட்டின இடத்தில் போத்தல், வீட்டில் ஒரு வாய்ச்சண்டை, அவ்வளவுதான். பிறகு கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், 2008க்குப் பிறகு பரகுவாட் என்ற புல்லு மருந்தும் நின்றது. சனத்தின் துன்பம் குறையவில்லை, போரும் அதற்குள்தான் நடந்தது. ஆனால் அந்தச் சாவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஒரு இரவு கைக்கு எட்டாமல் இருந்தால் மனிதன் விடியக் காணுவான். நான் படிப்பித்த பிள்ளைகளில் அப்படி விடியக் கண்ட இரண்டு பேர் இன்றைக்குப் பேரப்பிள்ளையோடு இருக்கிறார்கள்.

அடுத்தது சின்னவள். மூன்று வயது, கதிரையை இழுத்துப் போட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிற பிஸ்கற்றை எடுக்கிறாள் என்று நீயே சிரித்துச் சிரித்துக் காட்டினாய். 2020இல் இருந்து அங்கே ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பதின்ம வயதுக்காரரும் சாவதற்கு முதல் காரணம் துவக்குத்தான், வாகன விபத்தையும் தாண்டிவிட்டது. பூட்டி, தோட்டாவை வேறாக வைப்பேன் என்றால் கதவு தட்டுகிற நேரம் அது உதவாது. உதவுகிற மாதிரி வைத்தால் அவளுக்கு எட்டும். விரல் வைத்தால் திறக்கிற பெட்டி இருக்கிறதாம், சரி, ஆனால் வேலை முடிந்து களைத்து வருகிற உன்னையும் எனக்குத் தெரியும், வந்தவுடன் சாவியைக் கண்டபடி எறிந்துவிட்டு விழுந்து படுக்கிறவன் நீ.

வாங்காதே என்பதுதான் என் சொல். நீ 30 வயது ஆம்பிளை, நான் கட்டளை போட ஏலாது, கேட்கிறேன். அதையும் மீறி வாங்கினால், தோட்டா போடாமல் பூட்டி வை, தோட்டாவை வேறு பூட்டுக்குள் வை. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்ட விட்டால் உங்கள் மாநிலத்திலேயே அது குற்றம். மருமகளின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவராதே. பழையபடி மனது இருண்டு வருவதுபோல இருந்தால் அன்றைக்கே யாரிடமாவது கொடுத்துவிடு, வெட்கப்படாதே.

அதற்கு முதல் செய்யக்கூடியது கனக்க இருக்கிறது. வாசலுக்குப் பெரிய லைற் போடு. கதவு நிலையை இறுக்கி, நீளமான ஆணி போட்ட நல்ல பூட்டுப் பூட்டு. பக்கத்து வீட்டு மெக்சிக்கோக் குடும்பம் நல்ல சனம் என்று சொன்னாயே, மருமகளிடம் அவர்களுடைய நம்பர் இருக்கிறதா? நீ இரவு வேலைக்குப் போகிற நாட்களில் கூப்பிட்டால் வருவீர்களா என்று நேரே போய்க் கேள், அம்மா செய்து அனுப்பின பருத்தித்துறை வடையில் கொஞ்சம் கொண்டு போ. கொட்டிலில் இருந்த காலத்தில் கயிற்றில் பால்மாப் பேணிகளைக் கட்டிச் சுற்றிவர விட்டிருந்தோம், சத்தம் கேட்டால் ஒரு கொட்டிலில் இருந்து மற்றக் கொட்டிலுக்குக் கூவுவோம், நாலு பக்கமும் இருந்து குரல் வரும். அங்கே கமெரா, அலாரம் எல்லாம் இருக்கிறது, காசு போதாது என்றால் சொல்லு, இந்தப் போகத்து நெல்லுக் காசு வரும், நான் தருகிறேன். நீ சிரிப்பாய், ரூபாயில் எவ்வளவு வரும் என்று. பரவாயில்லை, எடு.

இரவு வேலையை மாற்றிக் கேட்க ஏலாதா என்றும் பார்.

ஞாயிற்றுக்கிழமை எடு. அம்மாவிடம் சித்தப்பாவின் கதையைச் சொல்லிவிடாதே, அதை நானே சொல்லுகிறேன். உன் வாசல் கதவை உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் படம் எடுத்து அனுப்பு, பூட்டுத் தெரிகிற மாதிரி.

அப்பா