செயலாளரின் ஆண்டறிக்கை: விசேட தேவையுடையோர் பெற்றோர் சங்கம், யாழ்ப்பாணம்

தலைவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. சில கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராமல் கலைந்தன. பொங்கல், விளையாட்டுப் போட்டி, ஒளிவிழா வழமைபோல் நடந்தேறின.

மருந்து விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற நாள்தொட்டு, சுகாதாரச் செலவில் விழும் வெட்டு நம் வீடுகளுக்கு ஆசுப்பத்திரி மருந்து யன்னலில் 'வெளியில் வாங்கவும்' என்று தரும் துண்டாகவே வந்து சேர்கிறது. வைத்தியம் இலவசம், துண்டு வந்தால் காசு. மாற்றுத்திறனாளிகளுக்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி பாமசியில் குளிசை வாங்க முடியாது. மிச்சம் பிடிக்க ஒருநேர வலிப்புக் குளிசையை விடும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். திடீரெனக் குறைத்தால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

அதற்காகவே மருந்து அட்டைத் திட்டத்தைத் தொடங்கினேன். கிளினிக் கொப்பி இருக்க இது எதற்கு என்று சபையிலேயே கேட்டார்கள். வீட்டில் எத்தனை குளிசை மிச்சம் என்று கொப்பி சொல்லாது. அட்டையில் பிள்ளையின் நிறை, மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், நேரம், கையிருப்பு. பெட்டியிலுள்ள கொம்பனிப் பெயரை மட்டும் எழுதினால், அதே மருந்து வேறு பெயரில் வரும்போது இரண்டையும் கொடுத்துவிடுவோம். பிள்ளை நாள்முழுக்கத் தூங்கி விழும். கையிருப்பு பத்து நாளுக்கு இறங்கியதும் தேடத் தொடங்குங்கள். கிளினிக் திகதிவரை பொறுக்க வேண்டாம். வலிப்பு மருந்தான சோடியம் வல்புரோவேற் பாணி இல்லாதபோது குளிசை வரும். மேற்பூச்சுள்ளதையும் மெதுவாகக் கரைவதையும் இடித்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை விழுங்காது என்றால் வைத்தியர் எழுதும்போதே சொல்லுங்கள். யன்னலில் சொல்லிப் பயனில்லை. 5 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் உள்ள பாணிக்குத் தேக்கரண்டி சரிவராது, ஊசியில்லாத சிறிஞ்சால் அளக்கவும். டவுன் சின்றோம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொருமுறை தைரொயிட் இரத்தப் பரிசோதனை வேண்டும். தைரொயிட் குறைந்து சோர்ந்து கிடந்தாலும் 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம்.

அட்டை நிரப்பும் பயிற்சிக்கு வாடகைக்கு எடுத்த கதிரைகளில் பாதி வெறுமை. வராதவர்களே பிறகு துண்டுடன் செயலாளர் வீட்டுப் படலையில் நின்றனர். அவசர மருந்து நிதியில் எடுத்தவர்களில் சந்தா கட்டாதோரே கூடுதல். எவரையும் திருப்பி அனுப்பவில்லை. பெயர்களை வாசிக்கவும் போவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மிச்சம் உண்டு, பெரிதல்ல. உதவிய வைத்தியர்கள், தாதியர், மண்டபம் தந்தோர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அட்டைகளை யார் புதுப்பிப்பது என்பதைச் சபையே தீர்மானிக்கட்டும். பெட்டியையும் திறப்பையும் ஒப்படைக்க நான் ஆயத்தம். பற்றுச்சீட்டுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீர் முடியும்வரை பொருளாளர் அங்கேயே இருப்பார்.

செயலாளர்