மூணு நாளில் மூணு நாடு

அம்மிணி,

போன்ல சொன்னா குறுக்க குறுக்கப் பேசி என்னையப் பாதியிலயே நிறுத்திப்போடுவே. அதான் எழுதறேன். முழுசாப் படிச்சுட்டு அப்பறமாத் திட்டு.

கொல்லிமலை போயிட்டு வந்துட்டோம். எங்க மகளிர் குழுவுல பதினோரு பேர் போனோம், பதினோரு பேரும் திரும்பி வந்துட்டோம். முட்டி இருந்த இடத்துலயேதான் இருக்குது. ஒரே ஒரு நகம் போச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

"இந்த வயசுல எதுக்கும்மா மலையும் கிலையும்"னு அன்னிக்குக் கேட்டேயில்ல, அதையேதான் உங்கப்பாவும் கேட்டாரு. ஆனா அவர் கேட்ட விதமே வேற. "யாரு கூட்டிட்டுப் போறாங்க?"ன்னாரு. யாரும் கூட்டிட்டுப் போகல, நாங்களே போறோம்னேன். "அது செரி, யாரு கூட்டிட்டுப் போறாங்க?"ன்னு மறுபடியும் அதையே கேட்டாரு. வேன் டிரைவர்னு சொன்னதுக்கு அப்பறந்தான் மனசு அடங்குச்சு.

பணக் கணக்கை முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி நீ அதுலயே நிப்பே. குழுவுல சேமிப்பு நோட்டு, கடன் நோட்டோட மூணாவதா ஒரு நோட்டுப் போட்டோம். மலை நோட்டுன்னு அதுக்குப் பேரு. தலைக்கு மாசம் 100 ரூபா, 20 மாசம். 22,000 சேர்ந்துச்சு. வேனுக்கு 13,000. ரூம் மூணு, ரெண்டு ராத்திரிக்கு 5,400. சாப்பாடு, டீ, சூப்பு எல்லாமாச் சேர்த்து 3,000. மீதி 600 இன்னும் நோட்டுலதான் கிடக்குது. அதை யாருக்கும் பிரிச்சுக் குடுக்கல. ஏன்னு கேக்காதே.

நடக்கறதுக்குப் பழக்கம் எங்கங்கறே? நம்ம சென்னிமலைப் படிதான். 1,320 படி. ரெண்டு மாசம், செவ்வாயும் வெள்ளியும் வெள்ளென அஞ்சு மணிக்கெல்லாம் ஏற ஆரம்பிச்சோம். முருகன் நெனைச்சிருப்பாரு, இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன இப்பிடித் திடீர்னு பக்தின்னு. மொத வாரம் பாதியில உக்காந்துட்டேன். வருசக்கணக்கா நெசவுக்குக் குழித்தறியில மிதிச்ச காலு. எத்தனை மிதி மிதிச்சிருப்பேன், கணக்கே இல்ல. ஆனா அத்தனையும் ஒரே குழிக்குள்ள. ஒரு அடிகூட அக்கட்டால போனதில்ல.

தைப்பொங்கல் கழிஞ்சு கிளம்புனோம். ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. பால் சொசைட்டி அக்கா எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்ச கை வெச்சபடியே ஒவ்வொரு நம்பராப் படிச்சுட்டு வந்தா. நாப்பதுக்கு மேல சத்தமே இல்ல. புளிச்சோத்துப் போசியத் திறக்கவே வேண்டாம்னுட்டாங்க, அதனால அது ரவைக்கு ஆச்சு.

செம்மேட்டுல ஓட்டல்காரர் சாவியக் கையிலயே வெச்சுக்கிட்டு, "கூட ஜென்ட்ஸ் யாராச்சும் வந்திருக்காங்களா?"ன்னாரு. டீச்சரம்மா, "பதினோரு ஆதார் கார்டு வந்திருக்குது, போதுமா?"ன்னா. அதுக்கும் மனசு வராம டிரைவர் பையனோட கார்டையும் வாங்கி, அதைத்தான் மேலாப்புல வெச்சாரு. அவனுக்கு இருவத்திமூணு வயசு. எங்களுக்கெல்லாம் அவன் பொறுப்பாம். அவங்க போர்வையத் தொட்டுப் பார்த்தோம், சீச்சீன்னு ஆயிருச்சு. நெசவுக்காரிங்ககிட்டப் போய் அதை நீட்டலாமா? நாங்க கொண்டுபோன நம்ம ஊர்ப் போர்வையையே போர்த்திட்டுப் படுத்தோம். குளிரு நெம்ப. பல்லு கடகடங்குது.

அங்க ஊருக்கெல்லாம் பேரு நாடுதான் அம்மிணி. செம்மேடு இருக்கறது வாழவந்தி நாடு. அறப்பளீசுவரர் கோயில் இருக்கறது வளப்பூர் நாடு. அப்பறம் சேலூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடுன்னு மொத்தம் பதினாலு சொல்றாங்க. நீ என்னமோ எடின்பரோவுல இருக்கேன், ஒரு நாடு பார்த்துட்டேன்னு சொல்லிக்கறே. நாங்க மூணு நாள்ல மூணு நாடு பார்த்தோம். பாஸ்போர்ட்டே இல்லாம.

மொத நாளு பொழுதோட செம்மேட்டுல வல்வில் ஓரி சிலையப் பார்த்தோம். குதிரை மேல இருக்கறாரு. அவர் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்னி, உடும்பு எல்லாத்தையும் துளைச்சுட்டுப் போச்சுன்னு புலவர் பாடுன கதைய டீச்சரம்மா சொன்னா. எல்லாரும் அடேங்கப்பான்னோம். பால் சொசைட்டி அக்கா மட்டும் சித்தெ யோசிச்சுட்டு, "அஞ்சையும் தோலுரிச்சு ஆக்கிப் போட்டது யாருங்க டீச்சர்?"ன்னா. பாட்டுல அது இல்லையாம்.

ரெண்டாம் நாளைப் பத்தித்தான் உனக்கு எழுதணும்னு இருந்தேன்.

வளப்பூர் நாட்டுப் பக்கம் வேனை நிறுத்திட்டு, கோயிலுக்கு உள் வழியா நடந்தே போறதுன்னு முடிவு. ரோட்டுல போனா சுத்து, காபித் தோட்டத்துக்குள்ள போனா கிட்டன்னு ஒரு டீக்கடைக்காரர் சொன்னாரு. அந்தப் பாதை எப்பிடின்னா, மேல சில்வர் ஓக் மரம் நெட்டுக்குத்தலா நிக்குது, அதுல மிளகுக் கொடி சுத்திச் சுத்தி ஏறியிருக்குது, கீழ காபிச்செடி. வெயிலு மண்ணுல காசு காசாத்தான் விழுகுது. காய்ஞ்ச எல மேல நடந்தா அப்பளம் நொறுங்கற சத்தம். யாரும் பேசல. பதினோரு பொம்பளைங்க பேசாம நடந்தோம்னா நம்புவியா? என் கை ரெண்டும் சும்மா தொங்குது. அதை எங்க வெக்கறதுன்னே தெரியல. சித்தெ நேரம் முந்தானையப் பிடிச்சுப் பார்த்தேன். அப்பறம் விட்டுட்டேன்.

இன்னொண்ணு. வழியில ஒதுங்கறதுக்கு எங்கயும் இடமில்ல. ஆம்பளைங்க மலையேறுன கதையா எத்தனையோ சொல்றாங்க, இதை ஒருத்தனும் சொல்றதில்ல. நான் உங்கப்பாவோட பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணை எடுத்துட்டுப் போயிருந்தேன். நாலு பேரு நாலு மூலையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னா ஒரு ரூமு. வேட்டி அதுக்குத்தான் போச்சுன்னு அவருக்குத் தெரியாது. தொவைச்சு மடிச்சு வெச்சுட்டேன்.

ரெண்டா பிரியற இடத்துல தப்பான பாதையில போயிட்டோம். போய் நின்னது ஒரு வீட்டு வாசல்ல. பாயி விரிச்சு மிளகு காயுது. பாதி பச்சை, பாதி கருப்பு. அந்த வாசமே தும்மல் வர வைக்குது. காலால மிளகைத் துழாவிட்டு இருந்த பொம்பளைக்கு என் வயசுதான் இருக்கும். உக்காரச் சொல்லி சொம்புல தண்ணி குடுத்தாங்க. அவங்க சனத்துக்கு மலையாளின்னு பேரு. கேரளான்னு நெனைச்சுக்காதே, தமிழ்தான் பேசறாங்க. எந்தக் காலத்துலயோ காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு சொன்னாங்க. காஞ்சிபுரம்னதும் நாங்க தறி, பட்டுன்னு ஆரம்பிச்சுட்டோம். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க, சாமையும் தினையுந்தான் தெரியும்"னு சிரிச்சாங்க.

அப்பறம் கேட்டாங்க: "என்ன வேண்டுதலுங்க? எல்லாரும் நடந்தே வாறீங்க?"

வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்கன்னு டீச்சரம்மா சொன்னா.

"ஒறம்பரை வீட்டுக்கா?"

இல்லீங்க.

"நிலம் பாக்க வந்தீங்களா?"

இல்லீங்க, சும்மா நடக்கறோம்.

அந்தம்மா எங்க ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பார்த்தாங்க. ஒவ்வொருத்தி காலையும் பார்த்தாங்க. நான் அன்னிக்கு நீ அனுப்புன அந்த ஊதா ஷூ போட்டிருந்தேன், சீலைக்குக் கீழ. "சும்மாவா நடக்கறீங்க?"ன்னாங்க. கேலி இல்ல அம்மிணி, நெசமாவே புரியாமக் கேட்டாங்க. நீ வாராவாரம் சனிக்கிழமை அங்க ஏதோ மொட்டைப் பாறை மேல நின்னு போட்டோ அனுப்புவியே, அப்ப நானும் உன்னைய இதேதான் கேட்டேன். எதுக்குடி நடக்கறே, அங்க கோயில்கூட இல்லியேன்னு.

நாங்க பதில் தேடிட்டு இருக்கையிலயே அந்தம்மா எந்திரிச்சாங்க. திண்ணையில ரெண்டு மூட்டை காபிக்கொட்டை கட்டி வெச்சிருந்தாங்க. ரோட்டுக்குக் கொண்டுபோகணும், மகன் வரல. "சும்மாதானே போறீங்க, இதுல ஒண்ணை அப்பிடியே கொண்டுட்டு வாங்களேன். ரோட்டுக்கு வழியும் காட்டறேன்"னாங்க.

பால் சொசைட்டி அக்கா ஒரு வார்த்தை பேசல. முந்தானையச் சும்மாடு கூட்டித் தலையில வெச்சா, மூட்டையத் தூக்கச் சொன்னா, போயிட்டே இருந்தா. அதுவரைக்கும் மூச்சு வாங்குதுன்னவ, மூட்டை ஏறுனதும் நடையே வேற. பாதி வழியில டீச்சரம்மா மாத்திக்கிட்டா. அவளும் காட்டுக்காரி மகதானே. அப்பறம் இன்னொருத்தி. அப்பிடியே என் முறை வந்துச்சு.

நான் எடுக்கல.

முட்டி காரணமில்ல. அப்பிடிச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன், ஆனா அது காரணமில்ல. கெணத்துத் தண்ணி, கூட்டுறவு சங்கத்துக்குத் துணி மூட்டை, நீ கைப்புள்ளையா இருக்கையில நீ, எல்லாத்தையும் சுமந்துதான் இத்தனை நடையும் நடந்தேன். அன்னிக்கு ஒரு நாளு வெறுங்கையோட நடக்கணும்னு 20 மாசம் பணம் கட்டியிருக்கேன். எனக்கு மனசு வரல. அந்தம்மா என்னைய ஒரு பார்வை பார்த்தாங்க. ரோடு வர வரைக்கும் நானும் அவங்க பக்கத்துலயேதான் நடந்தேன், வெறுங்கையோட. கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் எடுக்கல. ரோட்டுக்கு வந்ததும் அவங்க மடியில இருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழம் எடுத்து என் கையிலதான் குடுத்தாங்க. "கை சும்மாதானே இருக்குது"ன்னாங்க. இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் வேன்ல சிரிச்ச சிரிப்பு அடங்கல.

கோயில்ல சாமி நல்ல தரிசனம். பக்கத்துலயே அய்யாறு ஓடுது. அதுதான் கொஞ்ச தூரம் போய் ஆகாய கங்கையா விழுந்து, கீழ திருச்சி ஜில்லா புளியஞ்சோலைக்குப் போகுது. அருவிக்கு எறங்கப் படி ஆயிரத்துக்கு மேல. சென்னிமலையில மேல ஏறித்தான் பழகுனோம். இங்க எல்லாம் தலைகீழு. மொதல்ல எறக்கம், களைச்ச பொறகு ஏத்தம். எறங்கறப்ப தொடை ரெண்டும் தனியா நடுங்குது. மேக்கால வீட்டுப் பெரியம்மாவுக்கு 71 வயசு. எரநூறு படியில உக்காந்துட்டு, "எனக்குச் சத்தம் கேக்குது, அது போதும், போங்க"ன்னாங்க. டிரைவர் பையன் அவங்களுக்குத் துணைக்கு உக்காந்தான். கடைசியில அவன் பொறுப்பா இருந்தது அந்த ஒண்ணுக்குத்தான்.

கீழ போனா பேச முடியாது. தண்ணி விழுகற எடத்துக்கு இன்னும் தூரம் இருக்கையிலயே சாரல் மூஞ்சியில அடிக்குது. சீலையெல்லாம் நனைஞ்சு, வயசு வித்தியாசமே இல்லாமக் கத்துனோம். திரும்பி ஏறறதுக்கு ஒண்ணே முக்கா மணி நேரம். பெரியம்மா ஏறிப்போனவங்க எல்லாரையும் எண்ணி வெச்சிருந்தாங்க. 64 பேராம். அதுல எங்களை மாதிரி பொம்பளைங்களா மட்டும் வந்தது எங்க கூட்டம் ஒண்ணுதானாம்.

மேல முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு விக்கறாங்க. பாறையில முளைக்குது, வெளிய மயிராட்டம் இருக்கும், பாத்தா ஆட்டுக்காலேதான். முட்டி வலிக்கு நல்லதுன்னாங்க. ரெண்டு டம்ளர் குடிச்சேன். முட்டி அப்பிடியேதான் இருக்குது. சூப்பு நல்லா இருந்துச்சு.

மூணாம் நாளு சேலூர் நாட்டுப் பக்கம் கொஞ்சம் நடந்தோம். ஒரே பனி, கீழ ஒண்ணும் தெரியல. பால்ல நின்ன மாதிரி நின்னுட்டு வந்துட்டோம்.

மிளகு ஒரு கிலோ வாங்குனேன். உனக்குக் கால் கிலோ தனியாக் கட்டி வெச்சிருக்கேன், யாராச்சும் வந்தாக் குடுத்து விடறேன்.

இப்ப நகம். நீ அனுப்புன ஷூ நம்பர் 6. என் பழைய செருப்ப வெச்சு அளவு எடுத்திருப்பே. ஏறறப்ப ஒண்ணும் தெரியல. அந்த ஆயிரம் படி எறங்கறப்ப பெருவிரலு முன்னால போய் முட்டி முட்டி, ரவைக்குக் கழட்டிப் பார்த்தா நகம் நாவப்பழம் கணக்கா இருக்குது. இப்பக் கழண்டு வருது, அடியில புதுசு மெல்லிசா முளைச்சிருக்குது. வலியில்ல. முழுசா வளர ஒரு வருசமாச்சும் ஆகிடுமாம். நாங்களும் அடுத்ததுக்கு ஐப்பசிக்கு மேலதான் நாள் பாக்கறோம்.

அதுக்குள்ள 7 நம்பர் வாங்கி அனுப்பு. கலரு அதே ஊதா இருந்தாப் பரவால்ல.

இப்படிக்கு
அம்மா