வசந்தாவுக்கு, கீழ்ப் பல்செட் விஷயமாக

அன்புள்ள வசந்தா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. இத்தனை நாள் எழுதாததற்குத் திட்ட வேண்டியதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது வேறு ஒன்று பேச வேண்டும்.

நீ கீழ்ப் பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டதாகப் பத்மா சொன்னாள். மேல் செட்டை மட்டும் மாட்டிக்கொண்டு, யாராவது வந்தால் கையால் வாயை மறைத்துப் பேசுகிறாயாம். சுகுணா வீட்டு விசேஷத்துக்குக்கூட அதனால்தான் போகவில்லையாம். வகுப்பையே சிரிக்கவைத்துவிட்டு, டீச்சர் திரும்பிப் பார்த்தால் என்னைக் கைகாட்டிய வசந்தாவா இது? கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

உன் மேல் செட் நிற்கிறது, கீழ் செட் நிற்கவில்லை. அது உன் வாயின் குற்றமும் இல்லை, செட் செய்தவர் குற்றமாகவும் இருக்க வேண்டியதில்லை. மேலே அண்ணம் முழுவதும் படிந்து பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. கீழே இருப்பது லாட வடிவில் ஒரு மெல்லிய ஈறு வரம்புதான். நாக்கு ஒரு பக்கம் தள்ளும், கன்னம் ஒரு பக்கம் தள்ளும். போதாததற்கு, பல் போன இடத்தில் எலும்பும் கரையத் தொடங்கிவிடும். பல் இருக்கும்வரைதான் அந்த எலும்புக்கு வேலை. பல்செட் அணிபவர்களை 25 வருஷம் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1972-இல் வந்தது. கீழ்த் தாடையில் இந்தத் தேய்மானம் மேல் தாடையைவிடச் சுமார் 4 மடங்கு என்று அதில் கண்டார்கள். புது செட் செய்தும் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிப்பது இதனால்தான். பசை வாங்கிப் பூசிப் பூசி நீ அலுத்துப்போனதும் இதனால்தான்.

சரி, என் சேதிக்கு வருகிறேன். நான் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டுவிட்டேன். கீழே இரண்டே இரண்டு. அதன் மேல் கழற்றி மாட்டுகிற செட். முன்பக்கத் தாடை எலும்பில் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாக இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையும் ஈறுக்கு மேலே கொஞ்சம் தெரியும். செட்டின் அடியில் அதற்கு நேராகக் குழிவான பிடிப்பு. வைத்து அழுத்தினால் சட்டை பட்டன் போல ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். பேசும்போது எழும்பாது, இருமினால் கழன்று வராது. நான் இப்போது வாய்விட்டுச் சிரிக்கிறேன், வசந்தா.

இது நேற்று வந்த வித்தை என்று நினைத்துவிடாதே. ஸ்வீடனில் பிரானமார்க் என்ற மருத்துவர் 1950-களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-இல் லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் டைட்டானியம் இம்ப்ளாண்ட்களை வைத்தார்கள். அவர் 2006-இல் இறக்கும்வரை அவை உழைத்தன. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு வெறும் பல்செட் போதாது, இரண்டு இம்ப்ளாண்டில் நிற்கும் செட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படியிருந்தும் நமக்கு யார் சொன்னார்கள்? எனக்கு அதில்தான் கோபம். நான் முதலில் போன இடத்தில் ஸ்கேன்கூட எடுக்காமல், வாயைப் பார்த்ததுமே கழற்ற முடியாத முழு செட்தான், நிறைய இம்ப்ளாண்ட் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அந்த வகை செட் தப்பில்லை, சிலருக்கு அதுதான் பொருந்தும். எலும்பை அளக்காமல் யாரும் அதை முடிவு செய்ய முடியாது என்பதுதான் என் பேச்சு.

அடுத்துப் பார்த்த டாக்டர் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார். தாடைக்குள் ஒரு நரம்பு ஓடி, உதட்டுக்குப் பக்கத்தில் இரு பக்கமும் வெளியே வருகிறது. அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள எலும்பு கெட்டியானது, பின்பக்கம் தேய்ந்த பிறகும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அங்கேதான் வைப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிடுவதால் வலி இல்லை, அதிர்வும் தண்ணீர்ச் சத்தமும்தான். சூடு பட்டால் எலும்பு செத்துவிடும் என்பதால் துளைக்கும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அன்று ராத்திரி வீக்கம் இருந்தது, மாத்திரையில் அடங்கியது. எலும்பு பிடிக்க 3, 4 மாதம் ஆகும். அதுவரை பழைய செட்டையே உள்ளே மெத்தென்று ஒன்று வைத்துச் சரிசெய்து தருவார்கள். பொறுமை வேண்டியது அங்கேதான், உனக்கும் பொறுமைக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படி. எலும்புத் தேய்வுக்கு நீ வாராவாரம் ஒரு மாத்திரை போடுகிறாயே, அதைப் பல் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடு. அந்த வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு. புற்றுநோய்க்காக நரம்பில் ஏற்றும் பெரிய அளவுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், வாயால் போடும் மாத்திரைக்கு மிகக் குறைவு. அதனால் உனக்கு முடியாது என்று ஆகிவிடாது. ஆனால் எத்தனை வருஷமாகப் போடுகிறாய் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீயாக மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதே. உன் எலும்பு டாக்டரும் அவரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவா, கட்டுப்படாத சர்க்கரையில் புண் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் கஷ்டம். வயசைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. உடம்பு தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள், பிறந்த வருஷத்தை அல்ல.

குறையும் இருக்கிறது. சொந்தப் பல்லில் கடித்தால் அழுத்தம் தெரியும், இதில் அந்த உணர்வு அவ்வளவாக இல்லை. ராத்திரி கழற்ற வேண்டும். அந்த உலோகத் தலையைச் சுற்றி தினமும் பிரஷ் போட வேண்டும். விட்டால் ஈறு புண்ணாகி, எலும்பு இறங்கி, இம்ப்ளாண்டே போய்விடலாம். செட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும். பிடி தளர்ந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும், உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. இறுக்கத்துக்கு ஒரு நிறம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு முதலில் போட்டதைக் கழற்றவே விரல் வலித்தது, இளகியதாக மாற்றித் தந்தார். உன் விரல் மூட்டு வலியை மறக்காமல் சொல்.

பத்மா பேரன் வேலையில் சேர்ந்துவிட்டான், உனக்கும் சொல்லியிருப்பாள். கணக்கு டீச்சர் மகளைப் போன வாரம் பார்த்தேன், அப்படியே அம்மா நடை!

நீ முதலில் ஸ்கேன் எடு. எலும்பு எவ்வளவு இருக்கிறது, எத்தனை இம்ப்ளாண்ட் போதும், பின்னால் வளையம் மாற்ற யார் பொறுப்பு என்று மூன்றையும் கேட்டு எழுது. தள்ளிப்போட்டால் எலும்பு இன்னும் குறையும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தேதியைச் சொல், நான் கிளம்பி வருகிறேன்.

உன்
சரோஜா