தேர்தல் பாடம் நடத்திய ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பாடத்தை ஆசிரியர் நடத்தவில்லை. மாணவர்களே குழுக்களாகப் பிரிந்து, வகுப்பின் முன் நின்று நடத்தினார்கள். அதைக் கேள்விப்பட்டு உங்களில் சிலர் என்னை வந்து பார்த்தீர்கள். "படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒரு விதி வைத்தோம். இன்றைய கட்சி, தலைவர், சின்னம் எதுவும் பேச்சிலோ சார்ட்டிலோ வரக்கூடாது. யார் வீட்டில் யாருக்கு ஓட்டு என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. எல்லாக் குழுக்களும் அதைக் காப்பாற்றின.

சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்ட குழு ஒரு மண்பானையோடு வந்தது. ஓலை நறுக்குகளில் பெயர் எழுதிப் போட்டுக் குலுக்கி, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுவனை அழைத்துவந்து எடுக்கச் சொன்னார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்திலும் ஒரு சிறுவன்தான் எடுத்தான். கணக்குக் காட்டாமல் விட்டவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது என்றதும் வகுப்பு கைதட்டியது. எனக்கும் பெருமைதான். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பானைக்குள் யார் பெயரெல்லாம் போக முடியாது?" என்று கேட்டாள். குழு கொஞ்சம் தடுமாறியது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்குக் குறையாமல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். பெண்கள் பெயர் கிடையாது. அந்த நிலத்தில் உழைத்தவர் பெயரும் கிடையாது. "அப்படியானால் நம் வகுப்பில் ஒருவர் வீட்டுப் பெயரும் உள்ளே போயிருக்காது" என்றாள் அவள். கைதட்டலைவிட எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது.

அடுத்த குழு அங்கிருந்தே தொடங்கியது. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சொத்து, படிப்பு எதுவும் பாராமல் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்கு. (அது 18 ஆனது 1989இல்.) ஆனாலும் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் நிற்கவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் பதிந்திருந்தார்கள். தங்கள் பெயரைச் சொல்ல அவர்கள் முன்வரவில்லை. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது இது. இதைப் படித்த மாணவியின் கையில் தன் பாட்டியின் வாக்காளர் அட்டை நகல் இருந்தது. "தெருவில் எல்லோரும் எங்கள் பாட்டியைத் தாத்தா பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். பாட்டியின் முழுப் பெயரை இந்த அட்டையில்தான் முதன்முதலில் படித்தேன்" என்று சொல்லி, அந்தப் பெயரை உரக்க வாசித்தாள்.

வாக்குப்பதிவு இயந்திரக் குழுவுக்கு நானும் கொஞ்சம் உதவினேன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவன் நான். வாக்குப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுகள் போட்டு, எண்ணிக் காட்டி, பிறகு அழிக்க வேண்டும் என்பது மாணவர்களுக்குப் புதுச் செய்தி. நாம் போட்ட ஓட்டின் சீட்டு கண்ணாடிக்குள் 7 நொடி தெரியும். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒன்று முதல் ஏழு வரை எண்ணிப் பார்த்தது. நின்று பார்க்கத் தாராளமான நேரம். அடுத்த முறை நீங்களும் நின்று பாருங்கள். சந்தேகப்படாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிட எப்படிச் சரிபார்ப்பது என்று காட்டுவதே நல்லது என்பது என் எண்ணம். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டதால் வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க நேர்ந்தது என்ற செய்தியையும் இந்தக் குழு தேடிப்பிடித்திருந்தது.

உங்களில் சிலரை வருத்தியது கடைசிக் குழு. வாக்குக்குப் பணம் என்பது அவர்கள் தலைப்பு. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு என்றார்கள். பணப் பட்டுவாடாப் புகாரால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டதைச் சொன்னார்கள். பிறகு ஒரு மாணவன் கரும்பலகையில் 500 ரூபாயை ஐந்து ஆண்டுகளின் நாள்களால் வகுத்தான். ஒரு நாளைக்கு 27 காசு. வகுப்பு சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி" என்றான். சிரிப்பு அடங்கிவிட்டது. கணக்குப் போட்ட மாணவன் சாக்பீஸை எடுத்து, 27 காசுக்குக் கீழே "ஒரு நாள் கூலி" என்பதையும் எழுதினான். ஆசிரியர் எதையும் அழிக்கவில்லை.

மறுநாள் ஒரு தந்தை என் அறைக்கு வந்தார். "ராத்திரி சாப்பிடும்போது மகன் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?" என்றார். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வாங்க மறுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். வாங்கியிருந்தால், அன்றைக்கு வீட்டில் என்ன நிலைமை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். பள்ளியில் எந்த மாணவரிடமும் "உங்கள் வீட்டில் வாங்கினார்களா?" என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். வீட்டில் பேசுவது வீட்டிலேயே இருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு இதே குழுக்கள் உங்கள் முன் மறுபடி பேசவிருக்கிறார்கள். வேலையை விட்டு வர முடியாதவர்கள் வீட்டில் உள்ள பெரியவர்களை அனுப்பிவைக்கலாம். கேள்வி கேளுங்கள்; பிள்ளைகள் அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு செய்தி. 17 வயது நிரம்பியவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். 18 நிரம்பியதும் பெயர் சேரும். அந்த வெள்ளிக்கிழமையே கணினி அறையில் படிவம் கொடுக்க உதவுகிறோம். மகனோ மகளோ வரும்போது ஒரு புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்