ஜீனெட் கப்பலின் வானிலைக் குறிப்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

துருவக் கடலில் தொலைந்த கப்பல்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அமெரிக்கக் கடற்படையின் 'ஜீனெட்' மூழ்கிய காட்சியை விரிவாகச் சொன்னதே தவிர, 1879 செப்டம்பரில் பனியில் சிக்கியது முதல் 1881 ஜூனில் நொறுங்கும் வரை அதிலிருந்த 33 பேர் எப்படி நாள்களைக் கழித்தார்கள் என்பதைத் தொடாமல் விட்டது வருத்தமளிக்கிறது. உப்பேறிய பனியை உருக்கி, காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். 1880 ஜனவரியில் அடித்தளம் கசியத் தொடங்கியபின் மாதக்கணக்கில் நீரை இறைத்தார்கள். இவற்றுக்கிடையே வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை ஆகியவற்றையும் விடாமல் குறித்தார்கள். கப்பல் போனபின்பும் அந்தப் பதிவேடுகளைக் கைவிடாமல் கொண்டுசென்றதால்தான், அதன் கேப்டன் டி லாங் சைபீரியாவின் லேனா ஆற்றுமுகத்தில் பட்டினியால் இறந்த பிறகும் அவை மீட்கப்பட்டு, இன்று பருவநிலை ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

சரக்குக் கப்பலில் பணியாற்றிய காலத்தில், வட அட்லாண்டிக்கின் ஒரு ஜனவரி இரவில், வெப்பமானியைப் பார்த்து எழுத வெளியே வந்த சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப் பென்சில் நழுவி விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதைவிடக் கொடிய குளிரில் எழுதப்பட்ட எண்கள் அவை. அப்பதிவேட்டின் ஒரு நாள் பக்கத்தையாவது தமிழாக்கி, தங்கள் மாணவர் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.