தடித்த சுவர் மட்டும் தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், "ஒன்றரை அடிச் சுவர், பர்மா தேக்கு உத்திரம், 2004-லும் 2012-லும் ஓர் ஓடுகூடச் சரியவில்லை, எந்தப் பூகம்பத்தையும் தாங்கும்" என்றொரு வரி இருந்தது. சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய், கருப்பட்டி பற்றியெல்லாம் சரியாக எழுதியவர் இந்த இடத்தில் சறுக்கிவிட்டார். பழைய வீட்டை வாங்கி விடுதியாக மாற்றுகிறவர்கள் பெருகிவிட்ட நாளில் இதை அப்படியே விட முடியாது.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் 9.1, 2012 ஏப்ரல் 11-ல் நடந்தது 8.6. இரண்டும் சுமத்ராவுக்கு அருகே, காரைக்குடியிலிருந்து 1,500 கி.மீ.க்கும் அப்பால். அத்தனை தொலைவு வருவதற்குள் வேகமாகத் துடிக்கும் அலைகள் தேய்ந்துவிடும்; மெல்ல ஊசலாடும் அலைகளே மிஞ்சும். ஒரு கட்டடம் ஒரு முறை ஆடி முடிக்க, மாடிக்குச் சுமார் 0.1 விநாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பத்து மாடிக்கு ஒரு விநாடி. ஆகவேதான் 2012-ல் சென்னையின் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் பதறிக் கீழே இறங்கினார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவும், பெரிய கூடமான பட்டாலையுமாகத் தாழ்வாகப் பரந்து கிடக்கும் வீட்டை அந்த அலை சீண்டவே இல்லை. எழுதாத தேர்வில் தேறியதாகச் சொல்வது எப்படிச் சரியாகும்?

நம் வீடுகளுக்கு ஆபத்து, பக்கத்தில், ஆழம் குறைவாக, நடுத்தர அளவில் வரும் நடுக்கத்தால்தான். நாடு அமர்ந்திருக்கும் பாறைத்தகடான இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்ந்து இமயத்தில் முட்டுகிறது. அந்த அழுத்தம் தட்டின் உட்பகுதியிலும் சேர்கிறது. பாறையில் பழைய பிளவு உள்ள இடத்தில் எப்போதாவது நழுவுகிறது. 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது ஏறத்தாழ 6. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலில் 5.5.

நிலநடுக்க ஆபத்தின்படி நாட்டை மண்டலங்களாகப் பிரித்த வரைபடத்தைக் காட்டி, "சிவகங்கை மாவட்டம் இரண்டாம் மண்டலம், கவலை இல்லை" என்பார்கள். 2002-ல் திருத்தப்பட்ட வரைபடத்தில் இரண்டாம் மண்டலம்தான் ஆபத்து மிகக் குறைந்த கடைசிப் படி. அதற்கு முந்தைய வரைபடத்தில் அதற்கும் கீழே முதல் மண்டலம் என்று ஒன்று இருந்தது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி அந்த மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன் 6.2 அளவில் நடுங்கியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அங்கும் சுவர்கள் தடித்தவைதான். ஆனால் மண்சாந்தில் உள்பக்கம் ஒரு கல்வரிசை, வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவே சல்லி. இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கல் இல்லை. சுவர் வயிறு பிதுங்கி இரண்டாகப் பிரிந்தது; மேலே இருந்த கனத்த மண்கூரை உறங்கியவர்கள் மேல் இறங்கியது.

ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். 45 செ.மீ. தடிமனும் 4 மீட்டர் உயரமும் உள்ள செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கு 3.4 டன். நிலநடுக்கம் தள்ளும் விசை எடையைப் பொறுத்தது. சுவர் கனத்தால் விசையும் கனக்கும். கம்பியில்லாத கட்டுவேலைக்கு, ஐ.எஸ். 1893 என்ற எண்ணுள்ள இந்திய நிலநடுக்கத் தரவிதியின் 2016 பதிப்புப்படி, இரண்டாம் மண்டலத்தில் அது எடையில் 8 சதவீதம், அதாவது சுமார் 280 கிலோ. தனித்து நிற்கும் சுவர் கவிழாதிருக்க, தடிமனை உயரத்தால் வகுத்து வரும் எண் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 0.45-ஐ 4-ஆல் வகுத்தால் 11 சதவீதம், தேறியது. அதே உயரத்தில் 23 செ.மீ. சுவர் 6 சதவீதத்துக்கும் குறைவு, தேறாது. மூன்றாம் மண்டலத்து விசை 13 சதவீதம். அங்கே தடித்த சுவரும் தனியாக நின்றால் கவிழும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, சுவர் குறுக்குச் சுவரோடும் கூரையோடும் பிணைந்திருக்கிறதா என்பதை.

அங்கேதான் நம் வீடுகளில் கோளாறு. பாகப்பிரிவினைக்குப் பிறகு பங்காளிகள் வளவிலோ இரண்டாம் கட்டிலோ எழுப்பிய தடுப்புச் சுவர்களைப் பாருங்கள்: நாலரை அங்குலம், பழைய சுவரோடு வரி கோக்காமல் சும்மா ஒட்டி நிற்கும். முதலில் விழுவது அதுதான். அடுத்தது, சுவருக்குள் நுழைந்திருக்கும் உத்திர முனை. தேக்கு உளுக்காது என்ற நம்பிக்கையில் யாரும் பார்ப்பதில்லை. ஒழுகல் நீர் இறங்கிய இடத்தில் கூரான கம்பியால் குத்தினால் அரை அங்குலம் போகும். கல் தூணும், அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையும், உத்திரமும் ஒன்றன்மேல் ஒன்று எடையால் மட்டுமே அமர்ந்திருப்பவை. பக்கவாட்டில் ஆட்டினால் பிடிக்க அங்கே ஏதும் இல்லை. உத்திர முனைகளை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைப்பதும், எதிரெதிர்ச் சுவர்களை இழுகம்பியால் கட்டுவதும் பெரிய செலவில்லை. பழங்கட்டடம் தெரிந்த பொறியாளர் நேரில் பார்த்து இடம் குறித்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

சுண்ணாம்புப் பூச்சைச் செதுக்கிவிட்டு சிமென்ட் பூசுவது இன்னொரு கேடு. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே உப்புப் பூத்து, சுவரின் அடி இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் செங்கல்லைப் பொடியாக்கும். அடி அரித்த சுவருக்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. போதாக்குறைக்கு, விடுதி அறைகளுக்காகப் பழைய தளத்தின் மேல் ஆயிரம் லிட்டர்த் தொட்டிகளை வரிசையாக ஏற்றுகிறார்கள். தொட்டி ஒன்றுக்கு ஒரு டன், அதுவும் உச்சியில்.

முகப்பின் மேல் கைப்பிடிச் சுவரும் சுதைச் சிற்பங்களும் அழகுதான். ஆட்டம் மேலே போகப் போகக் கூடும். அவை வாசற்படிக்கு நேரே விழும். அதிர்ச்சி தெரிந்ததும் முகப்பு வழியே ஓடுவது தப்பு. உள்ளே இருந்தால் கனத்த மேசைக்கோ கட்டிலுக்கோ அடியில் தலையை மூடிக்கொண்டு ஆட்டம் நிற்கும்வரை இருப்பதே மேல். முற்றத்து ஓரம் நிற்கவும் கூடாது, ஓடு சரியும்.

புது அடுக்குமாடிகளுக்கும் ஒரு வார்த்தை. கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும், மேலே சுவர் நிறைந்த மாடிகள். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் பூஜ் நடுங்கியபோது 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இந்த மாதிரிக் கட்டடங்கள் பல கீழ்த்தளம் நொறுங்கி உட்கார்ந்தன. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனையை 90 பாகையில் மடக்கினால் காரை உதிர்ந்ததும் திறந்துகொள்ளும். 135 பாகையில் தூணின் உள்பக்கம் மடக்க வேண்டும், தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங்குக்கு ரிங் 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இரண்டாம் மண்டலத்தில் 2016 விதி இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் மடக்குவதற்குக் கூடுதலாகும் கம்பியின் விலை எவ்வளவு? தூர்த்த ஊருணியில் மனை போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். செம்புறாங்கல் தரையைவிட இளகிய மண் ஆட்டத்தைப் பெருக்கும். 1985-ல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருந்தும் பழைய ஏரிப் படுகையில் நின்ற பகுதி நாசமானது.

இனி, நிலநடுக்கச் செய்தியைத் தங்கள் இதழ் வெளியிடும் முறை பற்றி. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுக்கு இடித்த மருந்து எவ்வளவு என்பது ஒன்று, நாம் எந்தத் தெருவில் நின்று கேட்டோம் என்பது வேறொன்று. மருந்தின் கணக்குப் போன்றது 'அளவு': ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண், ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு கூடினால் 1,000 மடங்கு. காதில் விழுந்தது போன்றது 'தாக்கம்': ஊருக்கு ஊர் மாறும், 1 முதல் 12 வரை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். ஆறில் காரைப்பூச்சு விரிசல் விடும். இரண்டையும் கலந்து "10-க்கு 5.5" என்று எழுதுகிறீர்கள். அளவுக்கு உச்சவரம்பு கிடையாது. இதுவரை பதிவானதில் பெரியது 1960 சிலி, 9.5.

ரிக்டர் 1935-ல் கலிஃபோர்னியாவுக்காக, ஒரு குறிப்பிட்ட வகைக் கருவிக்காக வகுத்த கணக்கு பெரிய நடுக்கங்களில் முட்டி நின்றுவிடும். 1979 முதல், பிளவு நழுவிய பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கிக் காணும் திருப்புத்திறன் அளவு வந்துவிட்டது. 9.1 என்பது அந்தக் கணக்குதான்.

அடுத்த முறை அளவோடு ஆழத்தையும், நம் ஊரிலிருந்து மையம் எத்தனை கி.மீ. என்பதையும், உணரப்பட்ட தாக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். டெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையம் அளவையும் ஆழத்தையும் சில நிமிடங்களில் வெளியிட்டுவிடுகிறது. இடம் போதவில்லையென்றால் 'ரிக்டர் அளவுகோலில்' என்ற இரு சொற்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
தேவகோட்டை